அக்டோபர் பட்டியலில் இன்னொரு தேதி

அன்புள்ள ஊர்ச் சொந்தங்களுக்கு சிங்கப்பூரிலிருந்து வணக்கம்.

நம் ஊர்ச் சங்கத்தின் அக்டோபர் மாத நினைவுநாள் பட்டியலைப் பார்த்தேன். 16ஆம் தேதி, 1799இல் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட நாள். 24ஆம் தேதி, 1801இல் திருப்பத்தூரில் மருது சகோதரர்கள். நடுவில் 21: நேதாஜி 1943இல் இங்கே கேத்தே கட்டடத்தில் சுதந்திர இந்திய அரசை அறிவித்த நாள். அந்தக் கட்டடத்தின் முகப்பு தோபி காட் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இன்றும் நிற்கிறது. மலாயாத் தோட்டங்களில் பால்மரம் சீவிய நம் பெண்களும் நேதாஜியின் பெண்கள் படையான ஜான்சிராணி படையில் சேர்ந்தார்கள். அவர்களை நடத்திய கேப்டன் லட்சுமி பிறந்த நாளும் அக்டோபர் 24தான் (1914). அதையும் சேர்த்துவிடுங்கள்.

ஆனால் நான் முக்கியமாகக் கேட்பது 17ஆம் தேதியை. கேத்தே கூட்டத்துக்கு நான்கே நாள் முன்பு, 1943 அக்டோபர் 17 அன்று, ஜப்பானியர்கள் போருக்காகப் போட்ட சயாம்–பர்மா (இன்றைய தாய்லாந்து–மியன்மர்) ரயில் பாதையின் இரு முனைகளும் காட்டுக்குள் இணைந்தன. சுமார் 415 கிலோமீட்டர். அந்த வேலைக்கென்று ஜப்பானியர்கள் மலாயாத் தோட்டங்களிலிருந்து லாரி லாரியாக அள்ளிக்கொண்டு போனவர்களில் பெரும்பகுதி தமிழர்கள். அந்த வருட மழைக்காலத்தில் காலரா வந்து முகாம் முகாமாகச் செத்தார்கள். அங்கே இறந்த வெள்ளைக்காரப் போர்க்கைதிகளுக்குத் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. நம்மவர்கள் பல்லாயிரம் பேர். பெரும்பாலோருக்கு ஒரு கல்கூட இல்லை.

ஊரில் இருந்த குடும்பங்களுக்கு இது எதுவும் தெரியாது. ஜப்பான்காரன் வந்ததோடு கடிதமும் மணியார்டரும் நின்றன, அவ்வளவுதான். என் பாட்டியின் அண்ணன் அப்படிப் போனவர். வருடா வருடம் மகாளய அமாவாசையன்று அவருக்கு எள்ளும் தண்ணீரும் இறைப்போம். புரோகிதர் பெயர் கேட்பார், தகப்பனார் பெயர் கேட்பார்; திதி மட்டும் கேட்கமாட்டார். திதி தெரியாதவர்களுக்குத்தானே அந்த அமாவாசை! நம் தெருவிலேயே இப்படி இன்னும் சில வீடுகள் உண்டு என்று அம்மா சொல்வார்.

கட்டபொம்மனை நினைக்க நாடே இருக்கிறது. இவர்களை நாம் நினைக்காவிட்டால் வேறு யார் நினைப்பார்கள்? 1942இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்த பிப்ரவரி 15க்கு இங்கே ஆண்டுதோறும் பீச் ரோடு நினைவுச்சின்னத்தில் அஞ்சலி நடக்கிறது. போரில் இறந்த பொதுமக்களுக்காக எழுப்பிய சின்னம் அது, தமிழிலும் பொறித்திருக்கிறார்கள். சங்கத்தின் சிங்கப்பூர்க் கிளை வரும் பிப்ரவரியில் அங்கே ஒரு மாலை வைக்க வேண்டும் என்று முன்மொழிகிறேன்.

அதற்கு முன் பெயர்கள் வேண்டும். ஊரில் இருக்கும் அண்ணன்மார்களே, அக்காமார்களே, பெரியவர்களிடம் இப்போதே கேளுங்கள். போனவர் பெயர், தகப்பனார் பெயர், எந்தத் தோட்டம், யார் கங்காணி (ஆள் சேர்த்து வேலை வாங்கிய மேஸ்திரி), கடைசிக் கடிதம் எப்போது வந்தது. தெரிந்த மட்டும் போதும். பழைய கடித உறை கிடைத்தால் முத்திரை தெரியும்படி இரண்டு பக்கமும் படம் எடுத்து இந்த மடலுக்கே பதிலாக அனுப்புங்கள். பட்டியலை நான் தொகுக்கிறேன்.