சம்பந்தி வீட்டு ஸ்காட்டிஷ் ரீயூனியனுக்கு என்ன கட்டிட்டு போறது?

மதுரை_மீனா:
எல்லாருக்கும் வணக்கம். பொண்ணை கொடுத்திருக்கிற வீடு நார்த் கரோலினால, மெக்டொனால்டு குடும்பம், கப்பலேறி வந்த ஸ்காட்லாந்துக்காரங்க வம்சமாம். ஜூலைல கிராண்ட்ஃபாதர் மவுண்டன்ல ஹைலேண்ட் கேம்ஸ்னு ஸ்காட்லாந்து மலைநாட்டு விளையாட்டு விழா நடக்கிறப்பவே குடும்ப ரீயூனியனும் வச்சிருக்காங்க, நானும் எங்க வீட்டுக்காரரும் அப்ப அங்கதான் இருப்போம், வந்தே ஆகணும்னு சம்பந்தியம்மா சொல்லிட்டாங்க. ஆம்பளைங்க கட்டம் போட்ட பாவாடை கட்டுவாங்கன்னு மட்டும்தான் தெரியும். நாங்க புடவை வேட்டில போனா தப்பா நினைப்பாங்களா? இவரு சுத்த சைவம் வேற.

ராலே_ரமேஷ்:
அக்கா, பாவாடைன்னு அங்க வாய் தவறி கூட சொல்லிடாதீங்க, அது கில்ட். தாராளமா புடவைலயே போங்க, ஆசையா போட்டோ எடுத்துக்குவாங்க. 1956ல இருந்து நடக்குது, மெக்ரே மெடோஸ்னு ஒரு புல்வெளி, சுத்தி வர ஒவ்வொரு கிளானுக்கும், அதாவது ஒவ்வொரு குலத்துக்கும், ஒரு டென்ட். நம்ம ஊர்ல பங்காளிங்க எல்லாம் குலதெய்வம் கோயில்ல கூடுவாங்கல்ல, கிட்டத்தட்ட அதுதான், கிடா வெட்டுக்கு பதிலா பேக்பைப்னு பை வச்சு ஊதுற வாத்தியம். முத நாள் சாயங்காலம் ஒவ்வொரு கிளான்ல இருந்தும் ஒருத்தர் தீப்பந்தத்தோட வந்து எங்க ஆளுங்க வந்தாச்சுன்னு சத்தமா சொல்லுவாங்க, அதை விட்றாதீங்க. கேபர்னு ஒரு முழு மரத்தையே தூக்கி வீசுவாங்க, அதுல தூரம் கணக்கில்ல, தலைகீழா புரண்டு நேரா விழுதாங்கறதுதான் கணக்கு. சாருக்கு ஷார்ட்பிரெட்னு வெண்ணெய் பிஸ்கட் ஓகே. ஹேகிஸ் ஆட்டு ஈரல், இதயம், ஓட்ஸ் போட்டு செய்றது, அந்தப் பக்கமே வேணாம்.

கட்டக்கணக்கு:
போய்ட்டு வாங்க, ஆனா எல்லாத்தையும் ஆதி காலத்து வழக்கம்னு நம்பிடாதீங்க. கிளானுக்கு ஒரு டார்டன், அதாவது தனி கட்டம் போட்ட துணிங்கறது பெரும்பாலும் 19ம் நூற்றாண்டுல வந்த பழக்கம், 1822ல ராஜா நாலாம் ஜார்ஜ் எடின்பரோ வந்தப்ப எழுத்தாளர் வால்டர் ஸ்காட் முன்ன நின்னு நடத்துன கூத்துல சூடு பிடிச்சது. அதுக்கு முன்னாடி 1746ல ராஜாவை எதிர்த்து கிளம்புன இளவரசர் படை கலோடன் போர்ல தோத்தப்புறம் ஹைலேண்ட் டிரஸ்ஸுக்கே தடை, 1782ல தான் எடுத்தாங்க. கப்பலேறி வந்தவங்கள்ல பாதிப் பேருக்கு குத்தகை ஏறிப் போச்சு, பொழைக்க வழியில்ல, அவ்வளவுதான் கதை.

கேப்ஃபியர்_கலா:
சரிதான் ப்ரோ, ஆனா வந்த சனம் நெசம்தானே. 1739லயே ஸ்காட்லாந்து ஆர்கைல்ல இருந்து ஒரு 350 பேர் நார்த் கரோலினா கேப் ஃபியர் ஆத்தங்கரைல இறங்கினாங்க, அப்புறம் அலை அலையா வந்தாங்க. மீனாக்கா, மெக்டொனால்டுங்கன்னா ஃப்ளோரா மெக்டொனால்டு பேச்சு கண்டிப்பா வரும். கலோடன்ல தோத்த இளவரசருக்கு வேலைக்காரி வேஷம் போட்டு விட்டு படகுல தப்பிக்க வச்ச அம்மா, 1774ல குடும்பத்தோட இங்கயே வந்துட்டாங்க. வேடிக்கை என்னன்னா ராஜாவை எதிர்த்தவனுக்கு உதவுன அந்தம்மாவோட வீட்டுக்காரரு 1776ல அமெரிக்க சுதந்திரப் போர்ல, மூர்ஸ் க்ரீக்ங்கற இடத்துல, அதே ராஜவம்சத்துக்காக சண்டைக்கு போய் மாட்டிக்கிட்டாரு, சொத்தும் போச்சு, அந்தம்மா ஸ்காட்லாந்துக்கே திரும்பிட்டாங்க. அவங்க கும்பிட்ட சர்ச் பேரு பார்பிக்யூ சர்ச், சிரிக்காதீங்க, பக்கத்து ஓடை பேரு அது.

ரீயூனியன்ல வம்சாவளியை பெரிய பேப்பர்ல பிரிண்ட் பண்ணி டேபிள் நீளத்துக்கு விரிச்சு வச்சிருப்பாங்க, உங்க பொண்ணு பேரும் அதுல இருக்கும், இல்லன்னா எழுதச் சொல்லுங்க. உங்க பக்கத்து தாத்தா பாட்டி பேரையும் கேட்பாங்க, ஒரு சீட்டுல எழுதி கொண்டு போங்க.

மதுரை_மீனா:
ரொம்ப நன்றிப்பா. பட்டுப்புடவையே கட்டிக்கவா அப்ப?

ராலே_ரமேஷ்:
ஐயோ வேணாம்க்கா, அது 4,000 அடிக்கு மேல, நல்ல வெயில்லயே திடீர்னு மழை கொட்டும், புல்லு பூரா சேறாயிடும். காட்டன் புடவை, ஷூ, ஒரு ஸ்வெட்டர், மடக்கு குடை. மேல பார்க்கிங் கஷ்டம், ஷட்டில் பஸ் எங்க நிக்குதுன்னு மாப்பிள்ளைகிட்ட முன்னாடியே கேட்டு வச்சுக்கோங்க.