கிரீம் டப்பாவின் கடைசி வரி

கலா அத்தை: நித்யா, என் கிரீம் டப்பாவில் கடைசி வரியில் 'டைசோடியம் ஈடிடிஏ' என்று போட்டிருக்கிறது. விஷம் என்று ஒரு ஃபார்வர்டு வந்தது. தூக்கிப் போட்டுவிடவா?

நித்யா: ஐயோ, வேண்டாம் அத்தை. அது உலோகத்தைப் பிடித்து வைக்கிற பொருள். தண்ணீரிலும் மற்ற சரக்குகளிலும் துளித்துளியாக இரும்பு, செம்பு ஒட்டிக்கொண்டு வரும். அவற்றைச் சும்மா விட்டால் கிரீமில் உள்ள எண்ணெய் சீக்கிரம் காறிப்போகும், நிறமும் மாறும்.

ரவி மாமா: உலோகத்தை இப்படிப் பிடிப்பதைத்தான் 'கீலேட்' செய்வது என்பார்கள். அந்தச் சொல்லே கிரேக்கத்தில் நண்டுக் கொடுக்கிலிருந்து வந்ததுதான். ஈடிடிஏ உலோகத்தை ஆறு இடத்தில் பிடிக்கும்! கெமிஸ்ட்ரி வாத்தியார் சொன்னதில் இது ஒன்றுதான் மண்டையில் நிற்கிறது.

சுதா அண்ணி: அப்போது கிருமியைக் கொல்வதும் இதுதானா?

நித்யா: இதை மட்டும் நம்ப முடியாது அண்ணி. சில பாக்டீரியாக்களின் வெளிச்சுவரை கால்சியமும் மக்னீசியமும்தான் இறுக்கி வைத்திருக்கும். இது அவற்றை உருவிவிடும். சுவர் தளர்ந்ததும், கிருமியைத் தடுக்கப் போடும் ப்ரிசர்வேட்டிவ் எளிதாக உள்ளே போய்விடும்.

சுதா அண்ணி: நான் வீட்டில் செய்த சோப்பில் ஆரஞ்சுப் புள்ளி வந்ததே, அது?

நித்யா: குழாய்த் தண்ணீரில்தானே கலந்தீர்கள்?

சுதா அண்ணி: 🙈

நித்யா: அதிலிருந்த உலோகமும் காரணமாக இருக்கலாம். எண்ணெய் பழசாக இருந்தாலும் வரும். அடுத்த முறை காய்ச்சி வடித்த நீர், கூடவே கொஞ்சம் சோடியம் சிட்ரேட்; அதுவும் உலோகத்தைப் பிடித்து வைக்கும். சிட்ரிக் அமிலத்தை நேராகப் போடுவதென்றால் கவனம்: 10 கிராம் போட்டால், எண்ணெயைச் சோப்பாக்கப் போடும் காஸ்டிக் சோடாவில் சுமார் 6 கிராமை அது தின்றுவிடும். அதைக் கணக்கில் கூட்டாவிட்டால் சோப்பில் எண்ணெய்ப் பசை மிஞ்சும்.

கலா அத்தை: சோப்பு இருக்கட்டும். என் முகத்துக்குள் இறங்குமா, அதைச் சொல்.

நித்யா: தோல் வழியாக மிக மிகக் குறைவாகத்தான் போகும் அத்தை. கிரீமில் போடுவதே பெரும்பாலும் 0.05 முதல் 0.2 சதவீதம்தான். இதில் உண்மையான குறை வேறு. கழுவிவிட்ட பிறகு ஆற்றிலும் மண்ணிலும் லேசில் மட்காது. அதனால்தான் சிலர் அதே வேலையைச் செய்யும், தவிட்டிலிருந்து எடுக்கும் சோடியம் ஃபைட்டேட்டுக்கு மாறுகிறார்கள்.

கலா அத்தை: சரி, பூசிக்கொள்கிறேன். அந்த ஃபார்வர்டை எனக்கு அனுப்பியவரே இங்கே உட்கார்ந்து நண்டுக் கதை சொல்கிறார், பார்த்தாயா?

ரவி மாமா: முழுசாகப் படிக்காமல் அனுப்பிவிட்டேன் 🦀