லீட் எழுதுவதா, ஐஜிபிசி எழுதுவதா? செங்கோட்டைப் பக்கம் வீடு கட்டுகிறவனுக்கு எது உதவும்?

புளியரை_சிவில்:
வணக்கம். சிவில் டிப்ளமோ, ஊர் செங்கோட்டை. வேலை பாதி இந்தப் பக்கம், மீதி மலைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவு, தென்மலை, புனலூர் என்று ஓடுகிறது. கல்ஃபிலிருந்து திரும்பி வந்து வீடு கட்டுகிறவர்கள் இப்போதெல்லாம் "கிரீன் ஹோம் சர்டிபிகேட் வாங்கலாமா" என்று கேட்கிறார்கள், வெளியூரிலிருந்து ஆளைக் கூட்டிவருவதற்குப் பதில் நானே அந்தத் தேர்வை எழுதிவிட்டால் என்ன என்று தோன்றுகிறது. அமெரிக்கப் பசுமைக் கட்டட மதிப்பீடான லீட்டின் கிரீன் அசோசியேட், இந்தியப் பசுமைக் கட்டடக் கவுன்சிலான ஐஜிபிசியின் ஏபி, மத்திய அரசின் எரிசக்திச் சிக்கன அமைப்பான பிஇஇயின் எனர்ஜி ஆடிட்டர் என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஒரு கோச்சிங் சென்டரில் விசாரித்தேன், பழைய கேள்விகளை மொத்தமாகத் தருகிறோம், மனப்பாடம் பண்ணினால் போதும் என்றார்கள். கேட்ட காசுக்கு இரண்டு பாத்ரூம் டைல்ஸ் ஒட்டிவிடலாம். பகல் முழுக்க சைட்டில் நிற்கிறவன், ராத்திரிதான் படிக்க முடியும். இங்கிலீஷ் படித்தால் புரியும், வேகம் வராது. எங்கிருந்து ஆரம்பிக்க?

வடசேரி_கட்டடம்:
தம்பி, பிஇஇ ஆடிட்டரை இப்போதைக்கு விட்டுவிடு. நான்கு தாள், அதில் இரண்டாவது முழுக்க பாய்லர், ஃபர்னஸ், ஸ்டீம், மூன்றாவது மோட்டார், கம்ப்ரஸர், பம்பு. மில்லுக்கும் தொழிற்சாலைக்கும் போகிறவனுக்கு ஆனது. புனலூரில் இரண்டு மாடி வீட்டுக்கு மார்க் போட அது எதற்கு?

லீட் கிரீன் அசோசியேட் 100 கேள்வி, 2 மணி நேரம், எல்லாம் விடையைத் தேர்ந்தெடுக்கும் வகை. மதிப்பெண் 125லிருந்து 200க்குள் வரும், 170 எடுத்தால் பாஸ். முன் அனுபவம் கேட்பதில்லை. தமிழில் கிடையாது, ஆனால் கேள்வி இங்கிலீஷ் ஒன்றும் இலக்கியம் இல்லை, அதே இருநூறு முந்நூறு வார்த்தைதான் திரும்பத் திரும்ப வரும். பாஸானவுடன் வேலை முடிந்தது என்று நினைக்காதே, 2 வருடத்துக்குள் 15 மணி நேரம் தொடர் பயிற்சி காட்டினால்தான் பட்டம் நிற்கும்.

நம்ம ஆட்கள் சிக்குவது அமெரிக்கக் கணக்கில். தண்ணீர்ப் பகுதியில் டாய்லெட் ஃபிளஷ் 1.6 காலன், ஷவர் நிமிடத்துக்கு 2.5 காலன் என்று அடிப்படை அளவு வைத்திருக்கிறார்கள், அது அவர்கள் ஊர் 1992 சட்டத்திலிருந்து வந்தது. லிட்டரில் சொன்னால் ஃபிளஷ் 6, ஷவர் ஒன்பதரை. பக்கெட்டில் குளிக்கிற ஊரில் இருந்துகொண்டு இதைப் படிப்பது கொஞ்சம் சிரிப்பாகத்தான் இருக்கும், பரவாயில்லை, இந்த எண்கள் மனதில் இருக்கட்டும். ஆஷ்ரே என்ற அமெரிக்கப் பொறியாளர் சங்கத்தின் தரங்களில் 55 என்றால் உடலுக்கு இதமான வெப்பநிலை, 62.1 காற்றோட்டம், 90.1 எரிசக்திச் சிக்கனம். இந்த மூன்றையும் குழப்பாமல் வைத்துக்கொண்டால் சில மார்க் நிச்சயம்.

அப்புறம், 2025 ஏப்ரலில் லீட் வி5 வந்துவிட்டது. நெட்டில் இலவசமாகக் கிடைக்கும் நோட்ஸ் பெரும்பாலும் வி4. பதிவு செய்வதற்கு முன்னால் எந்தப் பதிப்பில் தேர்வு நடக்கிறது என்று அவர்களுடைய கையேட்டில் பார்த்துவிடு. கோச்சிங்காரன் தரும் கேள்விக் கட்டு எந்தக் காலத்தது என்று யாருக்குத் தெரியும்?

கொழிஞ்சாம்பாறை_ஆர்க்கி:
அண்ணா சொன்னது லீட் வரைக்கும் சரி. ஆனால் உங்களிடம் வருகிற வீட்டுக்காரர்களுக்கு லீட் ரொம்பப் பெரிய விஷயம், அவர்கள் ஐஜிபிசி கிரீன் ஹோம்ஸோ, கிரிகா என்ற இன்னொரு இந்திய மதிப்பீட்டின் சின்ன வடிவமான ஸ்வகிரிகாவோதான் வாங்குவார்கள். அதனால் ஐஜிபிசி பக்கம் போங்கள் என்பது என் கருத்து. எதை எழுதினாலும் முதலில் வீடுகளுக்கான மத்திய அரசின் எரிசக்திச் சிக்கன விதித்தொகுப்பான ஈகோ நிவாஸ் சம்ஹிதாவைப் படித்துவிடுங்கள். 2018இல் வந்த முதல் பாகம் பிடிஎஃப் இலவசம். அது 500 சதுர மீட்டருக்குக் குறையாத மனைகளுக்குத்தான் என்றாலும் கணக்கு எந்த வீட்டுக்கும் ஒன்றுதான். வீட்டை மதிப்பிடுவது என்றால் என்ன என்று அந்தக் கணக்கில்தான் எனக்குப் புரிந்தது.

சன்னலையே எடுத்துக்கொள்ளுங்கள். கேரளாவும் தமிழ்நாட்டின் பெரும்பகுதியும் வெப்ப ஈரப்பத மண்டலம். இங்கே காற்று வரத் திறக்கும் பரப்பு, கார்பெட் ஏரியாவில் 16.66 சதவீதம், அதாவது ஆறில் ஒரு பங்கு இருக்க வேண்டும். 90 சதுர மீட்டர் வீட்டுக்கு 15 சதுர மீட்டர். இதில் கதவு போல முழுசாகத் திறக்கும் சன்னலுக்கு 90 சதவீதம் கணக்கு, இரண்டு பலகை ஸ்லைடிங்குக்குப் பாதிதான். எங்கள் பக்கம் பழைய வீடுகளில் ஆஞ்சிலி மரச் சன்னல், கொக்கி மாட்டி இரண்டு பக்கமும் விரியத் திறக்கும். கோயம்புத்தூரைப் பார்த்துக் கட்டும் புது வீட்டில் யுபிவிசி ஸ்லைடிங். ஓட்டை அளவு ஒன்றுதான், மார்க் மட்டும் கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். இதை நீங்கள் கட்டிய ஒரு வீட்டில் டேப் பிடித்து அளந்து போட்டுப் பாருங்கள், அப்புறம் மறக்கவே மறக்காது.

சுவருக்கு ஆர்இடிவி என்று ஒரு எண். சுவர் வழியாகவும் சன்னல் வழியாகவும் உள்ளே வரும் வெப்பம், சதுர மீட்டருக்கு 15 வாட்டைத் தாண்டக் கூடாது. சூத்திரத்தைப் பார்த்து பயந்துவிடாதீர்கள், நம்ம மண்டலத்துக்குச் சுவரின் பெருக்கல் எண் 5.15, கண்ணாடி வழியே வரும் வெயிலின் எண் 65.21. அந்த வித்தியாசம் ஒன்றைப் பார்த்தாலே மேற்குப் பக்கம் பெரிய கண்ணாடி வைத்துவிட்டு வெப்பம் தடுக்கும் ஏஏசி கட்டையில் காசைக் கொட்டுவது எவ்வளவு வீண் என்று தெரியும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் ஏப்ரல் மாதம் மேற்கு பெட்ரூமில் படுத்தவருக்குச் சூத்திரமே தேவையில்லை என்பது வேறு.

புளியரை_சிவில்:
ரொம்ப நன்றிங்க. சன்னல் கணக்கு நன்றாகப் புரிந்தது. கூரைக்கு என்ன? இந்தப் பக்கம் எல்லாம் கான்கிரீட், மேலே சுர்க்கி (செங்கல், சுண்ணாம்புக் கலவை) போட்டு தட்டோடு பதிப்போம். அதுவே குளிர்ச்சி என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள்.

வடசேரி_கட்டடம்:
குளிர்ச்சிதான், ஆனால் போதாது. கூரையின் யூ வேல்யூ, அதாவது வெப்பம் கடந்து வரும் அளவு, 1.2க்குள் இருக்க வேண்டும். கையாலேயே போட்டுப் பார். 150 மி.மீ. கான்கிரீட், வெப்பம் கடத்தும் எண் 1.58, கனத்தை மீட்டரில் எடுத்து அதால் வகுத்தால் தடை 0.095. உள்காற்றின் தடை 0.17, வெளிக்காற்றின் தடை 0.04 சேர்த்தால் 0.305. ஒன்றை அதால் வகுத்தால் 3.28 வருகிறது. சுர்க்கியும் ஓடும் சேர்த்தாலும் இரண்டுக்குக் கீழே கொண்டுவருவது கஷ்டம். அதே கூரைமேல் கடத்தும் எண் 0.035 உள்ள 50 மி.மீ. தெர்மோகோல் பலகை போட்டால் தடை 1.43 கூடும், யூ 0.58க்கு இறங்கிவிடும். எந்த லேயர் எவ்வளவு வேலை செய்கிறது என்று இந்த மாதிரி ஒரு ராத்திரி போட்டுப் பார்த்தவனை, கேள்வியை எப்படித் திருப்பிக் கேட்டாலும் அசைக்க முடியாது. மனப்பாடம் பண்ணினவன் எண் மாறினால் முழிப்பான்.

மழைநீரையும் விடாதே. 100 சதுர மீட்டர் கூரை, 10 மி.மீ. மழை, 0.85 குணகம் (விழுந்ததில் வந்து சேரும் பங்கு) என்றால் 850 லிட்டர். சாரல் ஊர்க்காரனுக்கு இதைச் சொல்லித் தர வேண்டாம்.

இன்னொன்று, லீட் எழுதினால் வீட்டிலிருந்து கேமரா முன்னால் எழுதும் வசதி இருக்கிறது, குற்றால சீசனில் அதை நம்பாதே. கரண்ட் போனால் யார் பதில் சொல்வது? சென்டருக்கே போய்விடு.

புளியரை_சிவில்:
சரி அண்ணாச்சி, கோச்சிங்குக்குப் போகப் போவதில்லை. முதலில் சம்ஹிதா, பிறகு ஐஜிபிசி. ஆரியங்காவில் இப்போது ஒரு வீடு நடக்கிறது, வெட்டுக்கல் சுவர், மேலே ஓடு. அதன் சன்னல் அளவை ஞாயிற்றுக்கிழமை எடுத்துப் போடுகிறேன், யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள்.

கொழிஞ்சாம்பாறை_ஆர்க்கி:
போடுங்கள், பார்க்கிறேன். எந்தச் சுவர் எந்தத் திசை என்பதையும், சன்னலுக்கு மேல் சன்ஷேடு எத்தனை அடி நீட்டியிருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஓட்டுக்கு அடியில் சீலிங் இருக்கிறதா?