மூன்று பாக்ஸ்கார் மட்டும் பாயின்ட்டில் கவிழ்கிறது

நிலவறை_ரயில்:
வணக்கம். ஓஹையோவில் இருக்கிறேன். போன மாதம் ட்ரெயின் ஷோவில் ஒரு பெரியவர் தன் ஹெச்ஓ (1:87 அளவு) மாடல் ரயில் வேகன்களை மொத்தமாக விற்றார். ஷூ பெட்டி நிறைய 14 வண்டி, 40 டாலர். பதினொன்று பிரமாதமாக ஓடுகிறது. மூன்று 40 அடி பாக்ஸ்கார் (மூடிய சரக்கு வண்டி, 40 அடி என்பது நிஜ வண்டியின் நீளம்) மட்டும் யார்டுக்குள் திரும்பும் பாயின்ட்டுக்கு, அதாவது தண்டவாளம் பிரியும் இடத்துக்கு, வந்ததும் குப்புற விழுகிறது. எஞ்சின் இழுத்தால் பரவாயில்லை, பின்னாலிருந்து தள்ளினால் நிச்சயம் விழும். தண்டவாளத்தை மூன்று தடவை பெயர்த்துப் போட்டுவிட்டேன். "அந்த மூணையும் தூக்கிப் போட்டாத்தான் என்ன?" என்கிறாள் மனைவி. மனசு வரவில்லை. அதில் ஒன்று நிக்கல் பிளேட், எங்கள் ஊர்ப் பக்கம் ஓடிய ரயில்.

இன்னொன்று. அழுக்காக இருக்கிறதே என்று வேறொரு வண்டியை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தேன். எழுத்தில் பாதி பஞ்சோடு வந்துவிட்டது. ஏதாவது வழி உண்டா?

கேட்கீப்பர்:
தண்டவாளத்தை விடுங்கள். சமையலறைத் தராசில் அந்த மூன்றையும் நிறுத்துப் பார்த்தீர்களா?

நிலவறை_ரயில்:
இப்போதுதான் பார்த்தேன். மூன்றும் 72 கிராம் சுற்றி. நன்றாக ஓடுகிறவை எல்லாம் நூறுக்கு மேல்.

கேட்கீப்பர்:
அதான் விஷயம். ஹெச்ஓ வண்டிக்கு அடிப்படையாக ஒரு அவுன்ஸ், அதோடு நீளத்தில் அங்குலத்துக்கு அரை அவுன்ஸ் என்பது என்எம்ஆர்ஏவின் (அமெரிக்க மாடல் ரயில் சங்கம்) பரிந்துரை. 40 அடி பாக்ஸ்கார் மாடலில் ஐந்தரை அங்குலம் வரும். ஆக மூன்றே முக்கால் அவுன்ஸ், 106 கிராம். உங்களுக்கு 34 குறைகிறது. லேசான வண்டியை வளைவில் பின்னாலிருந்து நெட்டினால் பக்கவாட்டில் பிதுங்கத்தான் செய்யும்.

நான் கால் டாலர் நாணயம்தான் போடுவேன். ஒன்று 5.67 கிராம், ஆறு போட்டால் கணக்கு சரி. ஒன்றரை டாலர் செலவு. பாடியைக் கழற்றி, தரையோடு தரையாக, இரண்டு போகிக்கும் (அடியில் திரும்பும் சக்கரத் தொகுதி) மேலே மும்மூன்றாக இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டுங்கள். இரும்பு நட்டு வேண்டாம். ஒரு முறை போட்டுப் பட்டிருக்கிறேன்: வண்டிகளைக் கோக்கும் கப்ளரைக் கழற்றத் தண்டவாளத்துக்கு நடுவே வைத்த காந்தம் வண்டியையே வெடுக்கென்று இழுத்தது.

அப்புறம் போகித் திருகு. ஒரு திருகு, போகி திரும்பலாம், ஆனால் ஆடக்கூடாது என்ற அளவுக்கு இருக்கட்டும். மற்றதை அரைச் சுற்று தளர்த்தி, எல்லாப் பக்கமும் ஆட விடுங்கள். அப்போது வண்டி மூன்று புள்ளியில் நிற்கும். மேடு பள்ளத்தில் நாற்காலி ஆடும், முக்காலி ஆடாது இல்லையா?

ஈரோடு_ஜங்ஷன்:
தம்பி, கப்ளரையும் பாருங்கள். கேடீ கம்பெனி கப்ளருக்கு அடியில் பிரேக் ஹோஸ் மாதிரி ஒரு வளைந்த கம்பி தொங்கும். அது தண்டவாளத் தலையைவிடத் தாழ்ந்திருந்தால் பாயின்ட்டில் தட்டும். இடுக்கியால் பிடித்து மேலே வளையுங்கள். கப்ளருக்குள் எண்ணெய் மட்டும் விடாதீர்கள், தூசியைச் சேர்த்துப் பசையாக்கிவிடும். கிராஃபைட் தூள் போதும்.

ஆல்கஹால் சக்கரத்துக்குச் சரி, பாடிக்கு ஆகாது. பழைய பெயின்ட்டை உரிக்க வேண்டுமென்றால் நாங்கள் அதில்தான் ஊறப்போடுவோம்! பாடிக்கு மேக்கப் பிரஷ். பிசுக்கு இருந்தால் தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு. போன எழுத்து போனதுதான். புது டெக்கால் (எழுத்து ஸ்டிக்கர்) ஒட்டலாம், இல்லை அழுக்குப் பூசி ஓடிக் களைத்த வண்டியாக்கலாம். ஷூ பெட்டியில் பழைய ஃபோம் இருந்தால் முதலில் அதைத் தூக்கிப் போடுங்கள். நாளாக நாளாகப் பிசுபிசுத்து பெயின்ட்டில் ஒட்டிக்கொள்ளும்.

நிலவறை_ரயில்:
ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து முடித்தேன். இரண்டு வண்டி நாணயத்தோடே சரியாகிவிட்டது. நிக்கல் பிளேட் மட்டும் பிறகும் விழுந்தது. குனிந்து டார்ச் அடித்தால், கப்ளர் கம்பி உரசி உரசிப் பாயின்ட் நடுவே பளபளவென்று ஒரு கீறல். வளைத்துவிட்டு இருபது தடவை தள்ளிப் பார்த்தேன், விழவில்லை. எழுத்துப் போன வண்டிக்கு மனைவி தன் பழைய ஐஷேடோவைக் கொடுத்திருக்கிறாள், செம்பழுப்பு. துருவுக்கு அப்படியே பொருந்துகிறது. அது உதிராமல் இருக்க மேலே மேட் (பளபளப்பில்லாத) ஸ்ப்ரே அடிக்கலாமா?

ஈரோடு_ஜங்ஷன்:
தூரத்தில் பிடித்து லேசாக அடியுங்கள். ஸ்ப்ரே பட்டதும் பாதித் துரு காணாமல் போகும், அதனால் கொஞ்சம் கூடவே பூசிக்கொள்ளுங்கள்.