40 லென்ஸில் ஒன்றுமே தெரியவில்லை, உதவி வேண்டும்

உடுமலை மல்பெரி: வணக்கங்க. மைக்ராஸ்கோப்பில் 10 மடங்கு லென்ஸ் போட்டால் நன்றாகத் தெரிகிறது. 40-க்குத் திருப்பினால் வெறும் மங்கல். எவ்வளவு திருகினாலும் பிடிபடவில்லை. அவசரம்.

பொள்ளாச்சித் தென்றல்: எதைப் பார்க்கிறீர்கள், வெளிச்சம் எங்கிருந்து வருகிறது? இப்படி மொட்டையாகக் கேட்டால் ஜோசியம்தான் சொல்ல முடியும்.

உடுமலை மல்பெரி: பட்டுப்புழுங்க. நாலாவது தோலுரிப்பு முடிந்தும் பாதிப் புழு சிறுத்துக் கிடக்கிறது. ஒன்றிரண்டில் மிளகுத்தூள் தூவினாற்போல் கரும்புள்ளி. பெப்ரைன் என்கிற தொற்று நோயா என்று பார்க்க வேண்டும். கருவி கோவையில் பழசாக வாங்கியது, அடியில் கண்ணாடி வைத்தது. செல்போன் டார்ச் அடிக்கிறேன்.

வால்பாறை மேகம்: பழசு என்றாலே லென்ஸில் பூஞ்சைதான். கழற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள், சிலந்தி வலை மாதிரி தெரியும். எங்கள் ஊர் ஈரத்தில் என் கேமரா லென்ஸ் இரண்டு அப்படித்தான் போனது.

பழைய லேப்காரர்: பாகங்களின் பெயர்கூடத் தெரியாமல் வாங்கிவிடுகிறார்கள். பொருளருகு லென்ஸ், கண்ணருகு லென்ஸ், மேடை, அதற்கடியில் ஒளியைக் குவிக்கும் கண்டென்சர், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் ஐரிஸ். பள்ளிப் புத்தகத்திலேயே படம் இருக்கிறது, பாருங்கள். 400 மடங்குக்குப் போனால் வெளிச்சம் குறையும். கண்டென்சரை மேடையை ஒட்ட ஏற்றி, கண்ணாடியின் தட்டைப் பக்கத்தைத் திருப்புங்கள். குழிப் பக்கம் கண்டென்சர் இல்லாத கருவிக்கு.

காங்கேயம் செக்கு: லென்ஸுக்கும் ஸ்லைடுக்கும் நடுவில் ஒரு சொட்டு எண்ணெய் விடுவார்களே? தேங்காய் எண்ணெய் போதும்.

பழைய லேப்காரர்: எண்ணெய் 100 லென்ஸுக்கு மட்டும். 40-ல் பட்டால் அதுவே மங்கலாக்கிவிடும். ஒளியை வளைக்கும் அளவு, அதாவது ஒளிவிலகல் எண், ஸ்லைடுக் கண்ணாடிக்குச் சுமார் 1.52, செடார் எண்ணெய் அதை ஒட்டி 1.515. தேங்காய் எண்ணெய் வெறும் 1.45.

காங்கேயம் செக்கு: காற்று 1 தானே? அதற்கு இது தேவலை அல்லவா?

பொள்ளாச்சித் தென்றல்: மார்கழிக் காலையில் உங்கள் எண்ணெய் உறைந்து லென்ஸோடு அப்பிக்கொள்ளும்.

காங்கேயம் செக்கு: உறைந்தால்தான் சுத்த எண்ணெய். பொள்ளாச்சிக்காரருக்கு இளநீர் விற்கத்தான் தெரியும்.

கோபி சாக்கி: அதை விடுங்கப்பா. உடுமலை அண்ணா, 40 லென்ஸின் உடம்பில் என்ன எழுதியிருக்கிறது? சொட்டின் மேல் மூடும் மெல்லிய கண்ணாடி, கவர் ஸ்லிப், போட்டீர்களா?

உடுமலை மல்பெரி: 40/0.65, அதற்குக் கீழே 160/0.17. புழுவைத் தண்ணீர் விட்டு அரைத்து ஒரு சொட்டு வைத்தேன். கவர் ஸ்லிப் இல்லை, இன்னொரு ஸ்லைடையே மேலே வைத்து மூடிவிட்டேன். அதுவும் கண்ணாடிதானே. அப்புறம், 40-ஐ இறக்கினால் லென்ஸின் மூக்கு இடித்து உள்ளே அமுங்குகிறது.

கோபி சாக்கி: அட, இதை முதலிலேயே சொல்லக்கூடாதா! 160 என்பது குழாயின் நீளம், 0.17 கவர் ஸ்லிப்பின் தடிமன், இரண்டும் மில்லிமீட்டரில். சாதாரண 40 லென்ஸ் அரை மில்லிமீட்டர் சொச்சம் தூரத்தில்தான் குவியும். நீங்கள் மூடிய ஸ்லைடோ ஒரு மில்லிமீட்டர். லென்ஸ் அதன் முதுகில் முட்டிக்கொண்டு நிற்கிறது, புழுச்சாறு அதற்கும் கீழே. 10 லென்ஸுக்குச் சில மில்லிமீட்டர் இடம் உண்டு, அதனால் தப்பித்தது. பக்கத்தில் ரத்தம் பார்க்கும் லேபில் நாலு கவர் ஸ்லிப் கேட்டு வாங்குங்கள். ஐரிஸைச் சற்று மூடுங்கள். பெப்ரைன் கிருமியின் வித்து நீள்வட்டமாக மினுமினுக்கும், நீளம் 4 மைக்ரான் அளவுதான். சாயம் ஏற்றாததால் அதிக வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். கொழுப்புத் துளியும் மினுங்கும், ஆனால் அது உருண்டை, சிறிதும் பெரிதுமாக இருக்கும். ஏமாந்துவிடாதீர்கள்.

பழைய லேப்காரர்: ஐரிஸை மூடினால் நுணுக்கம் போய்விடும்.

கோபி சாக்கி: சற்று என்றுதான் சொன்னேனுங்க ஐயா.

உடுமலை மல்பெரி: கவர் ஸ்லிப் கிடைத்தது. தெரிகிறது. நீள்வட்டம்தான், நிறைய. பட்டு வளர்ச்சித் துறை ஆபீசுக்குப் புழுவை எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன். நன்றிங்க.

காங்கேயம் செக்கு: எண்ணெய் விட்டுப் பார்த்தீர்களா, விடாமலா?