பிக்கப் வண்டியில துரு திரும்பத் திரும்ப வருது, வழி சொல்லுங்க

அண்ணன்மாரே, வணக்கம். எங்க பிக்கப் 2008 மாடல். காசிமேட்டுல மீன் லோடு. ஐஸ் உருகி வர்ற உப்புத்தண்ணி விடியவிடிய லோடு பாடியில ஓடுது, வண்டி நிக்கறதும் கடலோரம்தான். துரு பிடிக்காம என்ன செய்யும்!

மூணு தடவை டிங்கரிங் பார்த்தாச்சு. கடைசியா அடிச்ச பெயிண்ட் ஆறே மாசத்துல கொப்புளம் கொப்புளமா எழும்பிடுச்சு. ஸ்க்ரூ டிரைவரால நெம்பினா, பள்ளத்தை நிரப்பப் பூசின பட்டி தகடு தகடா கழண்டு வருது. பழைய துரு மேலேயே பூசியிருக்காங்க. கதவுக்கு அடியில தண்ணி வடியற ஓட்டையையும் சேர்த்தே அடைச்சிருக்காங்க. வயித்தெரிச்சல்.

இந்தத் தடவை அழுகின தகட்டை வெட்டிட்டு புதுசு வெல்டிங் வைக்கப் போறோம். வெல்டிங்குக்குப் பின்பக்கம், கையே போகாத இடத்துல பிரைமர் (பெயிண்டுக்கு முன்னாடி அடிக்கற அடிப்பூச்சு) எப்படி அடிக்கறீங்க? ரெட் ஆக்சைடு பிரைமர் தாங்குமா, எபாக்சி பிரைமருக்குத்தான் போகணுமா? அடியில தார் மாதிரி கோட்டிங் அடிக்கச் சொல்றாங்க. ஈரம் உள்ளேயே மாட்டிக்குமோன்னு பயமா இருக்கு. இல்ல, புதுப்பேட்டை பழைய வண்டிச் சாமான் கடைகள்ல நல்ல பழைய பாடி பார்த்து மாத்திடறதே மேலா?

ஐப்பசி மழைக்கு முன்னாடி முடிக்கணும். வடசென்னைப் பக்கம் அவசரப்படாம வேலை செய்யற டிங்கர் யாராவது தெரிஞ்சா சொல்லுங்க.