வாகடூகுவில் ஒரு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து படம் பார்த்தேன்

திரைப்பட விழா என்றாலே எல்லோரும் கான், பெர்லின் என்றுதான் தொடங்குகிறார்கள். நான் வாழ்க்கையில் பார்த்தது ஒரே ஒரு விழா. மேற்கு ஆப்பிரிக்காவில், புர்கினா பாசோவின் தலைநகர் வாகடூகுவில், 2019 பிப்ரவரிக் கடைசியில். ஆப்பிரிக்கப் படங்களுக்கான விழா, ஃபெஸ்பாக்கோ என்பார்கள். அந்த ஒரு வாரத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக மனதில் கிடக்கிறது, இன்று எழுதிவிடுகிறேன்.

நான் அங்கே சினிமாவுக்காகப் போகவில்லை. போர்வெல் வண்டியோடு கணக்கு பார்க்கப் போனவன். திருச்செங்கோட்டுக்காரர்களுக்குத் தெரியும், நம் வண்டிகள் ஆப்பிரிக்காவில் எங்கெங்கோ ஓடுகின்றன. பகலெல்லாம் செம்மண் புழுதி, சகாராப் பக்கமிருந்து வரும் வறண்ட காற்று, சாயங்காலம் டீசல் கணக்கு, அப்புறம் தூக்கம். பிரெஞ்சு ஒரு வார்த்தை வராது. எங்கள் லாரி டிரைவர் சின்ன வயதில் கானாவில் வேலை பார்த்தவர், அதனால் இங்கிலீஷ் பேசுவார். அவர்தான் ஒரு நாள், "பத்ரோன், இந்த வாரம் வேலை வேலை என்று இருக்காதீர்கள், இது எங்கள் சினிமா வாரம்" என்றார். முதலாளியைப் பத்ரோன் என்பார்கள், நான் முதலாளி இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் அவர் மாற்றவில்லை.

அந்த வருடம் விழாவுக்கு 50 வயது. 1969-ல் ஒரு சின்ன சினிமா வாரமாகத் தொடங்கியது. அப்போது நாட்டின் பெயர் அப்பர் வோல்டா. தியேட்டர்களும் விநியோகமும் இரண்டு பிரெஞ்சுக் கம்பெனிகள் கையில் இருந்தன, தங்கள் ஊரிலேயே எடுத்த படம் தங்கள் ஊர்த் திரையில் ஓடாத நிலைமை. 1970-ல் டிக்கெட் விலை விஷயத்தில் தகராறு வந்து, கம்பெனிகள் படம் தர மறுத்துவிட, அரசாங்கம் தியேட்டர்களைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. இவ்வளவு ஏழை நாடு அதைச் செய்தது என்பதை டிரைவர் சொன்னபோது அவர் குரலில் இருந்த பெருமையை நான் மறக்கவில்லை, ஏதோ அவரே போய்க் கதவைத் திறந்துவிட்டது போல.

ஊர் நடுவில் ஒரு வட்டச் சந்திப்பு, சினிமாக்காரர்கள் சதுக்கம் என்று பெயர். அதில் படச்சுருளையும் லென்ஸையும் அடுக்கி வைத்தது போல ஒரு உயரமான சின்னம் நிற்கும். சினிமாவுக்கு இப்படி ஒரு சின்னம் எழுப்பி அதைச் சுற்றிக்கொண்டு பஸ்ஸும் கழுதை வண்டியும் போகும் ஊரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

முதல் நாள் போன தியேட்டரில் (பெயர் வேண்டாம்) படம் ஒன்றரை மணி நேரம் தாமதம், கடைசியில் கோப்பு திறக்கவில்லை, ரத்து என்று சொல்லிவிட்டார்கள். எனக்குக் கோபம். சுற்றி இருந்தவர்கள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு முந்தின நாள் பார்த்த படத்தைப் பற்றி விவாதம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். 50 வருடத்தில் ஒரு பெண் இயக்குநருக்குக்கூட பெரிய பரிசு போகவில்லை என்று ஒரு கல்லூரிப் பெண் எழுந்து பேச, பெரியவர்கள் குறுக்கே பேசாமல் கேட்டார்கள். இதையும் அன்று டிரைவர்தான் காதில் சொன்னார்.

இரண்டாம் முயற்சியில் அவருடைய அம்மாவும் வந்தார். எழுபதைத் தாண்டியவர், உள்ளூர்ப் பருத்தியில் நெய்த துணி கட்டியிருந்தார், மோரே என்ற உள்ளூர் மொழி மட்டும்தான் தெரியும். வாசலில் பை, உடம்பு எல்லாம் சோதித்தார்கள். வடக்கே தீவிரவாதிகளின் தாக்குதல்கள் நடந்துகொண்டிருந்த காலம், தலைநகரும் அடி வாங்கியிருந்தது. அப்படியும் கூட்டம் குறையவில்லை. மோட்டார் சைக்கிள் நிறுத்தவே இடமில்லை.

படம் ருவாண்டா இயக்குநர் ஜோயல் கரெகெஸியுடையது. 1998 காங்கோ போரில் தன் படையைத் தவறவிட்டு மழைக்காட்டில் மாட்டிக்கொள்ளும் இரண்டு ருவாண்டா சிப்பாய்களின் கதை. திரையில் ஒரு மொழி, அடியில் பிரெஞ்சு எழுத்து. டிரைவர் நடுவில் உட்கார்ந்து அதைப் படித்து, இடது காதில் அம்மாவுக்கு மோரேயில், வலது காதில் எனக்கு இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே வந்தார். இப்படிச் செய்தது அவர் மட்டுமில்லை. அரங்கம் முழுக்க அந்த முணுமுணுப்பு ஓடியது, யாரும் யாரையும் உஷ் என்று அடக்கவில்லை. முதல் பத்து நிமிடம் எனக்கு எரிச்சலாக இருந்தது, பிறகு அது படத்தின் சத்தத்தோடு சேர்ந்துவிட்டது.

நடுவில் அம்மா சத்தமாக ஏதோ சொல்ல, முன்வரிசை திரும்பிப் பார்த்து ஆமோதித்தது. என்ன என்று கேட்டேன். "இவ்வளவு தண்ணீர் இருக்கிற நாட்டில் எதற்கு அடித்துக்கொள்கிறார்கள் என்று கேட்கிறார்." நான் அவர்கள் மண்ணில் நூறு மீட்டருக்குக் கீழே தண்ணீர் தேடிக்கொண்டிருந்தவன். அந்த வார்த்தைக்கு அப்புறம் எனக்கும் திரையில் சிப்பாய்களைவிட அந்த ஈரம்தான் கண்ணில் பட்டது, இலையில் சொட்டுவது, சேற்றில் பூட்ஸ் புதைவது எல்லாம்.

விழாவின் பெரிய பரிசு யென்னெங்காவின் தங்கக் குதிரை. மோசி இன மக்களின் பழங்கதையில் யென்னெங்கா என்ற இளவரசி வீட்டை விட்டுக் குதிரையில் ஓடிப்போய் ஒரு யானை வேட்டைக்காரனைக் கல்யாணம் செய்கிறாள், பிறந்த மகனுக்கு அந்தக் குதிரையின் நினைவாக ஆண் குதிரை என்றே பெயர் வைக்கிறாள்: வெத்ராவோகோ. அந்த ஊரில் எங்கே திரும்பினாலும் வெத்ராவோகோதான், எங்கள் டிரைவரும் வெத்ராவோகோ. "பரிசு யாருக்குப் போனாலும் எங்கள் குடும்பப் பெயர்தான் பத்ரோன்" என்பார். அந்த வருடம் நாங்கள் பார்த்த ருவாண்டா படத்துக்கே கிடைத்தது.

பிறகு ஒரு மாதம் கழித்து நடந்ததுதான் என்னை அதிகம் பாதித்தது. நாங்கள் கிணறு போட்ட ஒரு கிராமத்துக்கு நடமாடும் சினிமா வேன் வந்தது. மின்சாரம் எட்டாத கிராமங்களுக்கு ஜெனரேட்டர், புரொஜெக்டர், திரை எல்லாம் ஏற்றிக்கொண்டு போகும் குழுக்கள் அந்தப் பக்கம் உண்டு, அப்படி ஒரு அமைப்பு 2001-ல் பெனினில் தொடங்கியது. இருட்டும்போது இரும்புச் சட்டம் நட்டுத் திரையை இழுத்துக் கட்டினார்கள். பிள்ளைகள் முக்காலி, கவிழ்த்த பக்கெட், பாய் என்று கையில் கிடைத்ததைத் தூக்கி வந்தார்கள். போட்டது இத்ரிஸ்ஸா வெத்ராவோகோ 1989-ல் மோரேயில் எடுத்த படம், ஊர் சூனியக்காரி என்று ஒதுக்கி வைத்த ஒரு கிழவிக்கும் ஒரு சிறுவனுக்கும் இடையிலான பாசம். அவர் இறந்து அப்போது ஒரு வருடம்தான் ஆகியிருந்தது.

அன்று எனக்கு யாரும் மொழிபெயர்க்கவில்லை. டிரைவர் மறந்தே போனார், வாய் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். நானும் கேட்கவில்லை. திரையில் கிழவியைக் கல்லால் அடிக்கும்போது என் பக்கத்திலிருந்த ஒரு பாட்டி தரையை அறைந்து திட்டினார். படம் முடிந்ததும் வேனோடு வந்தவர் மைக்கைக் கூட்டத்திடம் நீட்ட, அந்தப் பாட்டி வாங்கி நீளமாகப் பேசினார். ஆண்கள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். என்ன பேசினார் என்று திரும்பும் வழியில் கேட்டேன். "அவர் அக்காவைப் பற்றி" என்றார் டிரைவர், அதற்கு மேல் சொல்லவில்லை.

நான் 2019 கடைசியில் ஊர் திரும்பிவிட்டேன். அந்த நாட்டில் அதற்குப் பிறகு இரண்டு முறை ஆட்சிக் கவிழ்ப்பு நடந்துவிட்டது. விழா மட்டும் நிற்கவில்லை, கோவிட் சமயத்தில் அக்டோபருக்குத் தள்ளிப் போட்டார்கள், அவ்வளவுதான். 2025-ல் தானி குயாத்தே என்ற புர்கினா இயக்குநருக்குத் தங்கக் குதிரை கிடைத்தது, 1997-க்குப் பிறகு அது சொந்த ஊரில் தங்கியது அப்போதுதான். படம் மோரே மொழிப் படம். மறுநாள் டிரைவரிடமிருந்து வாட்ஸ்அப்பில் குரல் செய்தி. பின்னால் மோட்டார் சைக்கிள் இரைச்சல், நடுநடுவே அம்மா ஏதோ சொல்லும் சத்தம். "பத்ரோன், அம்மாவுக்கு நேற்று நான் தேவைப்படவில்லை. பக்கத்தில் ஒரு வெளிநாட்டுப் பையன் உட்கார்ந்திருந்தான், அவனுக்கு இவர்தான் கதை சொன்னார், மோரேயிலேயே."